தேவசித்தத்தை அறிந்து நடப்பது எப்படி? காவிரிக் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிய எங்கள் ஊரில் ஒரு மணி ஆகிவிடும். வெளியே பனி கொட்டும். சம்பா பால் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம். கோயில் வாசலில் ஐயரம்மா ஒரு தாம்பாளத்தில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார். (எங்கள் பக்கத்து லுத்தரன் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) ஆளுக்கு ஒரு அட்டை. எடுத்த கையோடு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்று படிப்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த வசனத்தை வரனோடு சேர்த்துப் படிப்பார். விசாவுக்குக் காத்திருக்கும் பையன் அதே வசனத்தை விசாவோடு சேர்த்துப் படிப்பான். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் என் பக்கம் வந்து, "அண்ணே, இது ஆண்டவர் சித்தம்தானான்னு எப்படிண்ணே தெரிஞ்சுக்கறது?" என்பார்.

இருபது வருடத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். படிப்பு, வேலை, கல்யாணம், அப்புறம் எங்கள் டெல்டாவுக்கே உரிய நான்காவது ஒன்று: நிலத்தை வைத்துக்கொள்வதா, விற்பதா. வாசலில் நின்று அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நான் குருவானவர் அல்ல. மயிலாடுதுறைப் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலமும் மோட்டார் ரிப்பேர் கடையும் உள்ள சாதாரணச் சபையான். இறையியல் படித்தவர்கள் குறை கண்டால் திருத்திக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்: எந்தச் சித்தத்தைத் தேடுகிறீர்கள்?

நாங்கள் தேவசித்தம் என்போம், கத்தோலிக்க உறவுக்காரர்கள் இறைத்திருவுளம் என்பார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

உலகத்தை ஆண்டவர் நடத்துகிற விதம் ஒன்று. நாளை என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்பதெல்லாம் அதில் அடங்கும். அது நமக்குச் சொல்லப்படவில்லை. மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று உபாகமம் 29:29 பாகப் பிரிவினை மாதிரிப் பிரித்தே வைத்திருக்கிறது. இரண்டாவது, வேதத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட சித்தம். மூன்றாவது, "நான் இந்த வேலைக்குப் போகவா, அந்த வேலைக்குப் போகவா" என்ற தனிப்பட்ட கேள்வி.

நான் பார்த்தவரை, பலர் இரண்டாவதைத் தாண்டிக் குதித்து மூன்றாவதன் வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு முதலாவதை எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் படி: ஏற்கெனவே சொன்னதைச் செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் வேகமாகக் கடக்கப் பார்ப்பார்கள். நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

"தேவனுடைய சித்தம்" என்ற சொல்லையே வைத்து வேதம் நேராகச் சொல்கிற இடங்கள் உண்டு. நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பதே தேவனுடைய சித்தம் என்கிறது 1 தெசலோனிக்கேயர் 4:3. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வதே உங்களைக் குறித்துத் தேவனுடைய சித்தம் என்கிறது அதே நிருபத்தின் 5:18. மீகா 6:8 இன்னும் சுருக்கம்: நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது, பணம் வரட்டும் என்று சொல்லி நடவு ஆள் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? வயலை அறுத்த வேலைக்காரர்களின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அந்தக் கூலியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று உபவாசம் இருந்து ஜெபிக்கத் தேவையில்லை. வரப்பைத் தள்ளிப் போட்ட விவகாரத்தில் அண்ணன் தம்பி ஆறு வருடம் பேசவில்லையா? காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கும் தனி வெளிப்பாடு வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தாலும் பரவாயில்லை. டெல்டாவில் பல கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணத்துக்காகத் தேவசித்தம் தேடுவதாகச் சொல்வார்கள். முழங்காலில் நின்று அழுது ஜெபிப்பார்கள். ஆனால் முழங்கால் போடுவதற்கு முன்பே ஒரு சல்லடை வைத்துச் சலித்தாகிவிட்டது: "நம்மாளுங்களா?" அந்தச் சல்லடையில் விழாத பத்துப் பேரில் யாரை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்பதுதான் ஜெபம். தெரிவு வட்டத்தை நாமே வரைந்து கொடுத்துவிட்டு, அதற்குள் விரல் வைக்கும் வேலையை மட்டும் அவருக்கு விடுகிறோம். தனி இருக்கை, தனிக் கல்லறை என்றெல்லாம் பார்த்த சபை வரலாறு நமக்கு இருக்கிறது. கிறிஸ்து இயேசுவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற கலாத்தியர் 3:28-ஐ ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைக்கும்போது என் நாக்கே கூசும். தெளிவாகச் சொன்ன சித்தத்தை மடியில் மறைத்துக்கொண்டு, சொல்லாத சித்தத்துக்காக இரவு முழுக்க ஜெபிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பக்கத் தாள் எடுங்கள். தெரிந்தும் செய்யாமல் வைத்திருப்பவற்றை எழுதுங்கள். கடன், கூலி, மன்னிப்பு, விட வேண்டிய பழக்கம், பெரியவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். பெரிய கேள்வி அப்படியே இருக்கும். அதைப் பார்க்கிற கண்ணில் கொஞ்சம் புரை விலகியிருக்கும்.

இரண்டாம் படி: முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்

இதற்கு உதாரணம் தேடி வேறு எங்கும் போக வேண்டியதில்லை. நானே இருக்கிறேன்.

1996-ல் எனக்கு 24 வயது. ஒரு ஏஜெண்டு மூலம் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன் வேலை வந்தது. அப்பாவுக்கு விருப்பமில்லை. சரி, ஆண்டவரையே கேட்டுவிடுவோம் என்று கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன். முதல் தடவை எண்ணாகமத்தின் பேர்ப் பட்டியலில் விழுந்தது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை யோபுவின் புலம்பல். அதையும் தள்ளிவிட்டேன். மூன்றாவது தடவை ஆதியாகமம் 12: உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ. துள்ளிக் குதித்தேன். எங்கள் வீட்டு வேதாகமம் பழசு, தையல் விட்டுப்போய் முன்பக்கத்தில் தானாகவே பிரியும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா நகையை அடகு வைத்தோம். இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டோம். போய் இறங்கினால் எலக்ட்ரீசியன் வேலை இல்லை, கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை. 14 மாதத்தில் திரும்பி வந்தேன். ஏஜெண்டு ஏமாற்றினான் என்பது உண்மை. ஆனால் என்னை முதலில் ஏமாற்றியது நான்தான். போவது என்று என்றைக்கோ முடிவு பண்ணிவிட்டேன். ஆண்டவரிடம் கேட்டது ரப்பர் ஸ்டாம்புக்காக.

அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் எவனோ அவன் அறிந்துகொள்வான் என்று யோவான் 7:17 சொல்கிறது. மனதுதான் முதலில், அறிவு அப்புறம். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேசியஸ் லொயோலா இதற்குத் தராசைக் காட்டுகிறார்: தேர்ந்தெடுக்கிறவன் எந்தத் தட்டுக்கும் சாயாத தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். நாங்கள் லுத்தரன்கள், ஆனாலும் நல்ல யோசனை எந்தக் கோயிலில் இருந்து வந்தால் என்ன? அவர் சொன்ன இன்னும் இரண்டு பயிற்சிகளை நான் எல்லாருக்கும் சொல்வேன். முன்பின் தெரியாத ஒருவர் இதே பிரச்சினையோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் கிடக்கும்போது இந்த விஷயத்தில் எப்படி முடிவெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள்? இரண்டுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். நமக்கென்றால் சுற்றி வளைக்கிற மனசு அடுத்தவனுக்கென்றால் நேராகப் பேசும்.

முள் நடுவுக்கு வரவே மறுத்தால்? அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். "ஆண்டவரே, எனக்கு இதுதான் வேண்டும். வேண்டாம் என்று நீர் சொன்னால் தாங்க முடியாது." கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முதலில் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுத்தான், "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். ஆசையை மறைத்துவிட்டுப் பக்தியாகப் பேசுவதைவிட இது மேல்.

மூன்றாம் படி: வேதத்தை முழுதாகப் படியுங்கள், சீட்டு எடுக்காதீர்கள்

வாக்குத்தத்த அட்டையை நான் வெறுக்கவில்லை. நானும் வருடா வருடம் எடுக்கிறேன், பர்ஸில் வைத்துக்கொள்கிறேன். ஆறுதலுக்கு நல்லது. முடிவெடுக்க அது போதாது.

அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்பது. அருமையான வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருடம் ஆகும் என்று இருக்கிறது. கடிதம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் செத்துப்போயிருப்பார்கள். அதே கடிதம் அவர்களை என்ன செய்யச் சொல்கிறது? வீடு கட்டு, தோட்டம் போடு, பெண் எடு, பெண் கொடு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு. இந்த வருடமே வேலை கிடைக்கும் என்று அந்த ஒற்றை வசனத்தில் படித்தவர், முழு அதிகாரத்தையும் படித்தால் வேறு வேலையில் இறங்கியிருப்பார்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முடிவு நெருங்கும்போது ஒரு சின்ன நிருபத்தை எடுத்து ஒரு மாதம் அதிலேயே இருப்பேன். பிலிப்பியருக்கு 4 அதிகாரம்தான், வாரத்துக்கு ஒன்று. தினமும் அதே அதிகாரம். யார் யாருக்கு எழுதினார், எந்த நிலையில் எழுதினார், இதில் எனக்கு உறுத்துவது எது என்று மூன்று கேள்வி. நான்காம் வாரத்தில் பிரச்சினைக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் பிரச்சினையைப் பார்க்கிற ஆள் கொஞ்சம் மாறியிருப்பான். தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறியும்படி உங்கள் மனம் புதிதாகட்டும் என்ற ரோமர் 12:2-ல் எனக்குப் பிடித்த சொல் "பகுத்தறிய" என்பது. ஆண்டவர் நம் காதில் விடையை ஓதுகிறார் என்று அங்கே இல்லை. பகுத்தறிகிற புத்தியைப் புதுப்பிக்கிறார்.

நான்காம் படி: விசாரியுங்கள்

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவர் இயேசு (லூக்கா 14:28). ஆகவே கணக்குப் போடுவது அவிசுவாசம் ஆகாது.

நிலம் வாங்கப் போகிறீர்களா? ஜெபித்துவிட்டு வில்லங்கச் சான்று போடுங்கள். சிட்டா, அடங்கல் பாருங்கள். தலைமடையா கடைமடையா என்று பாருங்கள். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லா வயலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள், வடிகால் தெரியும். வெளிநாட்டு வேலையா? ஏஜெண்டு பதிவு பெற்றவர்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் ஈமைகிரேட் தளத்தில் தேடலாம். என் காலத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும், ஆதியாகமம் 12 கையில் இருந்ததால் நான் தேடியிருக்க மாட்டேன். வரனா? பையனோடு வேலை பார்ப்பவரிடம் விசாரியுங்கள், அவன் அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறான் என்று கவனியுங்கள்.

ஐந்தாம் படி: ஆலோசனை கேளுங்கள், ஆளைப் பார்த்து

அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்கிறது நீதிமொழிகள் 11:14. மூன்று பேரிடமாவது கேளுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், விஷயம் தெரிந்தவர் ஒருவர், உங்கள் முகத்துக்கு நேராக "வேண்டாம்டா" என்று சொல்லக்கூடியவர் ஒருவர். மூன்றாவது ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எனக்கு அது எங்கள் உபதேசியார் (குருவானவருக்குத் துணையாகச் சபை வேலை பார்ப்பவர்). அவர் விசுவாசி மட்டுமல்ல, வீட்டில் நாலு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அடிபட்டவர்.

தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். "உன்னை வடக்கே அனுப்புகிறார்", "இந்தப் பையன்தான் என்று எனக்குக் காட்டினார்" என்று வீடு தேடி வந்து சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. வேதம் சொல்வது சரியான நடுவழி: தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). சோதிப்பது மரியாதைக் குறைவு அல்ல, கட்டளை. சொல்கிறவர் உங்களை அவசரப்படுத்துகிறாரா? வேறு யாரிடமும் கேட்காதே என்கிறாரா? சொல்லிவிட்டுக் காணிக்கை எதிர்பார்க்கிறாரா? மூன்றில் ஒன்று இருந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஊழியத்துக்கு அழைப்பு உண்டு என்று நினைக்கிற இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டேனிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில் தரங்கம்பாடியில் ஆரோன் என்று ஒருவர் இருந்தார். கடலூர்க்காரர், 1718-ல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்றவர். உபதேசியாராக ஊர் ஊராக நடந்து வேலை செய்தார். 1733 டிசம்பரில்தான் அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் இந்தியக் குரு அவர். இடையில் 15 வருடம். தனக்கு அழைப்பு உண்டு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, சபையும் பார்த்து ஆமாம் என்று சொன்னது. நம் பிள்ளைகள் முகாமில் கை தூக்கிய அடுத்த மாதமே வேலையை விடலாமா என்று கேட்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை இரண்டு வருடம் விடாமல் எடுத்துப் பார், அப்புறம் பேசலாம் என்பேன்.

ஆறாம் படி: கதவு திறந்ததா, மூடியதா என்பதை மட்டும் நம்பாதீர்கள்

"எல்லாம் தானா அமைஞ்சுதுண்ணே" என்பார்கள். யோனாவுக்கும் எல்லாம் அமைந்தது. ஆண்டவர் நினிவேக்குப் போகச் சொன்னார், அவன் யோப்பாவுக்குப் போனான், தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குப் பணமும் இருந்தது. ஓடிப் போகிறவனுக்கும் கப்பல் கிடைக்கும்.

கதவு மூடுவதும் அப்படித்தான். சீகன்பால்க் 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். டென்மார்க் ராஜா அனுப்பிய ஆள். ஆனாலும் அங்கிருந்த டேனிஷ் தளபதிக்கு இவரைக் கண்டாலே ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பிடித்துச் சிறையில் போட்டார், சுமார் 4 மாதம். "கதவு மூடிவிட்டது, இது சித்தமில்லை" என்று அடுத்த கப்பலில் ஊர் திரும்ப நல்ல காரணம் இருந்தது. அவர் திரும்பவில்லை. புதிய ஏற்பாடு தமிழில் 1714, 1715-ல் அதே தரங்கம்பாடியில் அச்சானது.

அப்போஸ்தலர் 16-ல் பவுலின் பயணத்தைப் பாருங்கள். ஆசியாவுக்குப் போகத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கேயும் தடை. துரோவாவில் இரவில் ஒரு மக்கெதோனியன், வந்து உதவி செய் என்று கூப்பிடுகிற தரிசனம். தரிசனம் கண்டது பவுல், ஆனால் நிச்சயித்துக்கொண்டது "நாங்கள்" என்று எழுதியிருக்கிறது. கூடிப் பேசித்தான் போனார்கள். போன இடத்தில் அந்த மனுஷனைக் காணோம். ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்த பெண்கள்தான் இருந்தார்கள். பிறகு அடி, சிறை, தொழுமரம். சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம் சுகமாக இருப்பது அல்ல என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கிதியோன் களத்தில் ஆட்டுத் தோலைப் போட்டு, பனி அதில் இறங்குகிறதா என்று பார்த்ததை வைத்து அடையாளம் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். அவனுக்கு ஆண்டவர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. நம்பிக்கை வராமல்தான் தோலைப் போட்டான். வழி தெரியாமல் போடவில்லை.

காத்திருப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மேட்டூரில் தண்ணீர் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆனது. தேதி விவசாயி கையில் இல்லை. ஆனால் தண்ணீர் வரட்டும் பார்க்கலாம் என்று கோடை உழவு ஓட்டாமல், வாய்க்காலில் மண்டிய கோரையை வெட்டாமல் உட்கார்ந்திருந்தவன் வயலுக்கு, தண்ணீர் வந்த பிறகும் தண்ணீர் வராது. ஆண்டவருக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு விண்ணப்பம்கூட போடாமல் இருக்கும் பட்டதாரிப் பையன்களைப் பார்க்கும்போது அந்தக் கோரைதான் ஞாபகம் வரும்.

ஏழாம் படி: நாள் குறித்து முடிவெடுங்கள்

மேலே சொன்னதெல்லாம் செய்தாயிற்று, இரண்டு வழியும் நல்லதாகவே தெரிகிறது. இப்போது என்ன?

இப்போது உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். ஆமாம், அவ்வளவுதான். விதவை மறுமணம் செய்வது பற்றிப் பவுல் எழுதும்போது, தனக்கு இஷ்டமானவரை மணந்துகொள்ள அவளுக்கு விடுதலை உண்டு, கர்த்தருக்குட்பட்டவராக இருந்தால் சரி என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). ஒரே ஒரு ஆள்தான் எழுதப்பட்டிருக்கிறார், அவரைத் தவறவிட்டால் வாழ்க்கை போச்சு என்று அங்கே இல்லை. வரப்புக்குள் எங்கே நட்டாலும் அது நம் வயல்தான்.

அதே சமயம் பருவத்தைப் பாருங்கள். சி.ஆர். 1009 நல்ல நெல் ரகம்தான், ஆனால் வயல் காலி ஆக 155 நாளுக்கு மேல் ஆகும். தண்ணீர் பிந்தி வந்த வருடத்தில், போன வருடம் விளைந்ததே என்று அதையே விதைப்பவர் கஷ்டப்படுவார். ரகம் மாற்றிக் குறைந்த நாள் பயிருக்குப் போவது தோல்வி அல்ல. 45 வயதில், இரண்டு பிள்ளைகள் படிக்கும்போது, 22 வயதில் கேட்ட அழைப்பை அப்படியே நிறைவேற்றவில்லையே என்று குமைகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இப்போது இருக்கிற தண்ணீருக்கும் நாளுக்கும் எது விளையுமோ அதை நடுங்கள்.

முடிவெடுத்தால், ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னதைச் செய்வோம் என்று யாக்கோபு 4:15 சொன்னபடி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற அலங்கார வரியாக இல்லாமல், மாற்றிக்கொள்ளத் தயார் என்ற பொருளோடு. இக்னேசியஸின் இன்னொரு விதியும் உதவும்: மனம் வறண்டு கிடக்கிற நாளில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. மாற்ற வேண்டியிருந்தால் நல்ல நாளில் மாற்று.

எட்டாம் படி: தவறிப்போனால்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பங்களையும் அலை கொண்டுபோனது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல், ஒரே இரவில் ஒரு தலைமுறைத் தென்னையைச் சாய்த்தது. இரண்டு தடவையும் சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "எல்லாம் தேவசித்தம்" என்று சொன்னவர்களைப் பார்த்தேன். நானும் ஒரு வீட்டில் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு சொல்வதில்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசிய இடம் லூக்கா 13. செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று சொன்னார். அது ஏன் விழுந்தது என்று விளக்கவே இல்லை. அந்த மறைவான பகுதியை அவரே திறந்து காட்டாதபோது நாம் ஏன் சாவியோடு நிற்கிறோம்? சாவு வீட்டில் தண்ணீர் பிடித்து வையுங்கள், சோறு கொண்டுபோங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நம்முடைய தவறான முடிவுகள் வேறு ரகம். மஸ்கட்டில் இருந்த முகாமில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ராத்திரியில் மோட்டார் காயில் கட்டுவார். தூக்கம் வராமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் பாதி பம்ப்செட் என் கை வழியாகத்தான் போய் வருகிறது. அப்படியானால் மஸ்கட் தேவசித்தமா? அப்பா சாகும்வரை இல்லை என்றே சொன்னார். அம்மா ஆமாம் என்பார். நான் அம்மா நகையை மீட்டுக் கொடுத்த நாளில் இந்த வழக்கை விட்டுவிட்டேன்.

நோக்கம் என்று பெரிதாகப் பேசுவதைப் பற்றி

"என் வாழ்க்கைக்கு ஆண்டவர் வைத்திருக்கிற நோக்கம் என்ன" என்பது இப்போதைய பிள்ளைகளின் கேள்வி. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், மராட்டிய இளவரசன் சரபோஜிக்குக் காப்பாளராக இருப்பது என் நோக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்க முடியாது. தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் வைத்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பஞ்ச காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையை விட்டு ஓடிய குடியானவர்கள் அரண்மனை வாக்கை நம்பாமல் அவர் வாக்கை நம்பித் திரும்பி வந்தார்கள். 1798-ல் தஞ்சாவூரிலேயே இறந்தார், இடையில் ஒரு தடவைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பாமல். சிவகங்கைப் பூங்கா பக்கத்துக் கோயிலில், அவர் படுக்கை அருகே சரபோஜி நிற்கிற பளிங்குச் சிற்பம் இருக்கிறது. அதைச் செய்யச் சொன்னது சரபோஜி.

சீகன்பால்க் கதை வேறு மாதிரி. பழைய ஏற்பாட்டையும் தமிழில் கொண்டுவர உட்கார்ந்தார். ஆதியாகமத்தில் தொடங்கி, ரூத் வரைக்கும் வந்தார். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார். மிச்சத்தைப் பிறகு வந்த மிஷனரி சுல்ட்சே முடித்தார். ரூத்துக்கு அடுத்த புத்தகம் சாமுவேல். அந்த மேசையில் அவர் வைத்துவிட்டுப் போன தாள் எந்த வசனத்தோடு நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். அவர் கட்டிய புது எருசலேம் கோயிலில், பலிபீடத்துக்கு முன்னால் அவரை அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்து மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்துக்குப் போனால் உள்ளே போய்ப் பார்க்கலாம்.